பிணம் அசையும் காட்சி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிணத்தைப் பார்த்துச் சிரித்ததில் கிடைத்தது.

பதற வேண்டாம், கண்ணுகளா. சினிமாப் பிணம்தான். கறுப்பு வெள்ளைப் படம். ஆனாலும் அன்று சிரிக்கத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. இதை எழுதும்போதுகூட அது முழுசாக மூடிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கொலைக் கதை எனக்குப் பழக்கமில்லை. மருத்துவமனையில் டாக்டருக்காகக் காத்திருப்பவர்களுக்குக் கதை சொல்லி வளர்ந்த வாய் இது. பெயரைக் கூப்பிட்டதும் பாதியில் எழுந்து ஓடிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் துப்பறியும் கதை சொன்னால் பாவம் பிடிக்கும்.

அதனால் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. முதலில் இப்படி எழுதினேன்: 'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்...' (அன்று மழையே இல்லை. கொலை என்றதும் கை தானாக மழையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.)

பிறகு இப்படி: 'அவள் தன் தாயைக் கொன்றவள்.'

நல்ல விறுவிறுப்பான வரி. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, இதை அவள் படிப்பாளே என்று நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டேன். அடித்தது உங்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இங்கே விட்டு வைத்திருக்கிறேன். அந்த வரியை நான் கண்டுபிடிக்கவில்லை. அவள் வீட்டில் அது வெகு காலமாகப் புழங்கிய வரி.

2

எங்கள் நூலகத்து மாடியில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு வகுப்பு நடக்கிறது. ஒரு பழைய துப்பறியும் நாவலைப் படிக்க வேண்டும். அதைப் படமாக எடுத்திருப்பார்கள், அதைப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்துப் பேச வேண்டும். பரீட்சை கிடையாது. அதனால்தான் சேர்ந்தேன்.

வாத்தியார் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போடுவார். இந்தப் பக்கம் 'புத்தகத்தில் உண்டு, படத்தில் இல்லை.' அந்தப் பக்கம் 'படத்தில் உண்டு, புத்தகத்தில் இல்லை.' நாங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போவார்.

நாங்கள் என்றால், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். ஏழு மாதம் முழுகாமல் இருக்கும் ஒரு பெண். கண்டக்டர் அவளுக்கு வைத்த பெயர் 'ஒன்றரை டிக்கெட்'. அப்புறம் பல் செட்டு. ஐம்பதைத் தாண்டியவள், பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை. என் வாயில் இருக்கும் கீழ்வரிசை அவள் கைவேலைதான். அப்புறம் நான், இவர்களுக்குக் கதையம்மா. இன்னும் சிலர் உண்டு. இந்தக் கதைக்கு அவர்கள் தேவைப்படவில்லை. அதனால் ஜன்னல் ஓரமாக உட்காரவைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் படிக்காதவர்களுக்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்துபோகும். ஒரு பெரிய வீட்டில் வாடகைக்கு இருக்கும் விதவை, ஒருநாள் காலை முன்கூடத்துக் கல் தரையில் யாரோ கொடுத்த விஷத்தால் செத்துக் கிடக்கிறாள். அவ்வளவு தெரிந்தால் போதும். புத்தகத்தில் அவளுக்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. பேசுகிறாள், சண்டை போடுகிறாள், ஜன்னல் திரைக்குத் துணி வாங்கப் போய் நிறம் பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறாள். படத்தில் அதெல்லாம் போச்சு. தரையில் கிடப்பதோடு சரி.

"சார், புத்தகத்துல அந்த விதவையோட தம்பிதானே கொலை பண்றான்? படத்துல ஏன் டாக்டர் தலையில கட்டிட்டாங்க?" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர், "தம்பியா நடிச்சது யாரு கதையம்மா? ஹீரோ! அவரு கொலை பண்ணா தியேட்டர்ல ஒரு நாற்காலி மிஞ்சுமா?" என்றார்.

இன்னொரு வித்தியாசம் போர்வை. புத்தகத்தில் அவள் மெல்லிய வீட்டு உடையோடு கிடக்கிறாள். படத்தில் ஒரு கனத்த போர்வை, கழுத்துவரை. 'படத்தில் உண்டு' பக்கத்தில் வாத்தியார் போர்வை என்று எழுதி, பக்கத்தில் 'கொலைகாரனின் குற்ற உணர்வு' என்று எழுதினார். தான் செய்ததைத் தானே பார்க்கச் சகிக்காமல் மூடிவிட்டானாம். இதைப் பற்றி அவர் கட்டுரையே எழுதி, அது அச்சிலும் வந்திருக்கிறது.*

* வாத்தியாரைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கட்டுரையை எனக்குப் படித்துக் காட்டினார். நல்ல கட்டுரை. நான்கூட நம்பினேன்.

3

அன்று சாப்பாட்டுக்குப் பிந்திய மயக்கத்தில் எல்லோருக்கும் கண் சொருகியது. வாத்தியார் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, "தூக்கம் கலைய ஒரு காட்சி போடறேன்" என்றார். "பிணமா நடிக்க ஒரே ஒரு தகுதிதான் வேணும். அசையாம இருக்கணும். அதைக்கூட இந்தம்மாவால செய்ய முடியல. வருஷா வருஷம் இதை ஒரு வகுப்புக்காவது போட்டுடுவேன். பாருங்க."

சுவரில் முன்கூடம் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று பேசுகிறார். பின்னால், தரையில், போர்வைக்குள் அவள். இன்ஸ்பெக்டர் 'இங்கே உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள்' என்று சொல்லி வாய் மூடவில்லை, போர்வை ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

அறையே சிரித்தது. "சார், உயிர் இருக்கு! ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!" என்றார் கண்டக்டர். நான் சிரித்த சிரிப்பில் கீழ்வரிசை கழன்றுவிட்டது.

ஒன்றரை டிக்கெட் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், அது மூச்சு இல்ல."

"மூச்சு இல்லாம என்னம்மா?"

"இன்னொரு தடவ போடுங்க. மெதுவா." போட்டார். அவள் எழுந்து சுவர்ப் பக்கம் போனாள். "நெஞ்சப் பாருங்க. கல்லு மாதிரி இருக்கு. எவ்வளவு அழகா மூச்சப் பிடிச்சிருக்காங்க! அசையறது இங்க. கீழ." அவள் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போயிருந்தது. "உள்ளேர்ந்து உதைக்குது சார். எனக்கும் தினம் இதேதான். இடப்பக்கம் ஒரு துள்ளு, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி அடங்கிடும்."

கண்டக்டர் தாழ்ந்த குரலில், "அப்ப அந்தப் பொணத்துக்குள்ள ஒரு ஆளா?" என்றார்.

வாத்தியார் பலகையைப் பார்த்தார். எழுந்துபோய் 'குற்ற உணர்வு' என்பதைத் துடைத்தார். "வயித்த மறைக்கத்தான் போர்வை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இத்தனை வருஷமா அவங்களப் பாத்துச் சிரிக்க வச்சிருக்கேன்."

கதை இதோடு முடிந்துவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் பல் செட்டு எழுந்தாள்.

"சார், முகத்தப் பெருசாக்க முடியுமா?"

பெரிதாக்கினார். சுவர் முழுக்க ஒரு முகம். உதடு லேசாக விலகியிருந்தது. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்து ஏறியிருந்தது. பல் செட்டு சுவருக்குக் கிட்டே போகப் போக, படத்தின் வெளிச்சம் அவள்மேலும் விழுந்தது. எங்கள் பக்கம் திரும்பினாள். விரலால் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள்.

அதே பல். அதே சாய்வு.

"இது எங்கம்மா" என்றாள். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், "அப்ப உள்ள இருக்கறது நான்" என்றாள்.

4

[இந்த இடத்தில் ஒரு வாசகராவது கேட்பீர்கள்: ஏன் கதையம்மா, பல் மாதிரிப் பல் உலகத்தில் இல்லையா? நானும் அவளிடம் கேட்டேன். "இருக்கும். தினம் பாக்கறேன்" என்றாள். அப்புறம் எப்படிச் சொல்கிறாய் என்றேன். "தெரிஞ்சுது" என்றாள். கதையில் இப்படி எழுதினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அவள் பாத்திரத்தைக் கொஞ்சம் மாற்றி, கையில் ஒரு பெட்டி நிறையத் தடயங்களைக் கொடுத்துப் பார்த்தேன். கொடுத்ததும் அவள் வேறு யாரோ ஆகிவிட்டாள். பிடுங்கிக்கொண்டேன்.]

அவளிடம் இருந்தது அம்மாவின் ஒரே ஒரு புகைப்படம். அதில் வாய் மூடியிருக்கும். "பல்லு கோணலுன்னு வாயத் தொறக்க மாட்டா. அதே பல்லுதான் உனக்கும்" என்று அத்தை சொல்லியிருக்கிறாள். அப்பாவின் அக்கா. அவளை வளர்த்த அத்தை. சோறும் போட்டு, சொல்லும் போட்டு வளர்த்தவள்.

பிரசவத்தில் அம்மா போய்விட்டாள். அதற்காக அத்தை இவளுக்கு வைத்த பெயர் 'ஆத்தாவ முழுங்கினவ'. கோபம் வந்தால் மட்டும் இல்லை, சாதாரணமாகத் தலை வாரிவிடும்போதும் அதே பெயர்தான். "நீ வயித்துல தங்கின நாள்லேர்ந்து அவ மூஞ்சியில ஒரு சிரிப்பு கிடையாது" என்பாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். நாற்காலி மேசை பழுது பார்க்கும் தச்சர் அவர். பேச்சு கம்மி.

பஸ் நிறுத்தத்தில் ஒருநாள், ஏன் இந்த வகுப்பில் சேர்ந்தாய் என்று கேட்டேன். "எல்லாக் கதையிலயும் யார் செஞ்சாங்கன்னு கடைசியில சொல்றாங்க கதையம்மா. எனக்கு முதல் பக்கத்துலயே சொல்லிட்டாங்க. அதான், மத்தவங்களுக்கு எப்படி நடக்குதுன்னு பாக்கலாம்னு" என்று சிரித்தாள். வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்.

அன்று வகுப்பு கலையவில்லை. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டோம். உதைக்கும் முன்பு அந்த உதடு மூடித்தான் இருக்கிறது. உதைத்த பிறகு விலகுகிறது. ஓரம் மேலே போகிறது. அதற்குள் காட்சி மாறிவிடுகிறது.

"சிரிக்கறாங்க! சந்தேகமே வேண்டாம்" என்றார் கண்டக்டர்.

"பழைய பிரதி. கீறலாக்கூட இருக்கலாம்" என்றார் வாத்தியார்.

எல்லோரும் ஒன்றரை டிக்கெட்டைப் பார்த்தோம். "தெரியலக்கா" என்றாள் பல் செட்டிடம். "சில சமயம் எனக்கும் சிரிப்பு வரும். சில சமயம் விலா எலும்புல உதைச்சா உயிரே போயிடும், மூஞ்சி இப்படித்தான் கோணும். பொய் சொல்ல மாட்டேன்க்கா. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

ஆக, கண்ணுகளா, கேள்வி இதுதான். அந்த அம்மா சிரித்தாளா, வலியில் சுளித்தாளா? படத்துக்கு இது ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து கொலைகாரி என்ற பெயரோடு வாழ்ந்தவளுக்கு இதைத் தவிர வேறெதுவும் இல்லை.

5

பல் செட்டு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அது யாரோ" என்றாராம்.

நான் மேலே எழுத உட்கார்ந்தேன். மனிதர்கள் வாயை மூடிக்கொண்டால் கதைக்காரிதானே முடிவு சொல்ல வேண்டும்? நூலக வாசல் பெஞ்சில் அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: அது வேறொரு பெண். அவள் பெயர் எங்கோ கிடைத்துவிடுகிறது. பல் செட்டு பெருமூச்சு விட்டு வேலைக்குத் திரும்புகிறாள்.

"தப்பிக்கப் பாக்கறீங்க" என்றாள்.

இரண்டாவது முடிவு (இது கண்டக்டர் கொடுத்தது): அம்மா சாகவே இல்லை. நரைத்த தலையோடு ஒரு நாள் வகுப்பின் கதவைத் தட்டுகிறாள்.

"அவர சீரியல் எழுதப் போகச் சொல்லுங்க."

மூன்றாவது: 'அவள் சுவரில் தெரிந்த அந்த முகத்தின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து...'

"வச்சு?" என்றாள்.

எனக்கு மேலே போகவில்லை. "சுவர் சுவராத்தானே இருக்கும் கதையம்மா" என்று அவளே எழுந்து போய்விட்டாள். அந்த வாக்கியம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

நான் இப்படி முடிவு முடிவாகத் தைத்துக் கிழித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் பெரியவர், அவள் அப்பா, மாடிப்படி ஏறி வந்தார்.

6

நான் அழைத்து வரவில்லை. கதைக்காக வரவழைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, "உன் வகுப்புக்கு நானும் வரலாமா?" என்று மகளிடம் கேட்டாராம். அவ்வளவுதான். கண்டக்டர் ஓடிப்போய்க் கை கொடுத்தார். "படி பாத்து, பெரியவரே. அவசரமில்ல, வண்டி நிக்கும்."

முன்வரிசையில் உட்காரவைத்தோம். பல் செட்டு பக்கத்தில் உட்காரவில்லை. சுவரோரம் நின்றாள். வாத்தியார் படத்தைப் போட்டார்.

நான் படத்தைப் பார்க்கவில்லை, பெரியவரைப் பார்த்தேன். அவர் கண் அந்த முகத்துக்குப் போகவே இல்லை. கீழேயே இருந்தது.

இருட்டில் ஒன்றரை டிக்கெட் தாளாமல் சொன்னாள்: "பாவம், புள்ளத்தாச்சியப் போய் அந்தக் கல்லுத் தரையில..."

"கல்லு இல்ல" என்றார் பெரியவர்.

எல்லோரும் திரும்பினோம்.

"பலகை. மேல கல்லு மாதிரி பெயின்ட் அடிச்சது. நான்தான் இழைச்சேன். கையத் தடவிப் பாத்தா ஒரு சிராய் இருக்காது."

பல் செட்டு, "நீங்க சினிமாவுக்கு வேல செஞ்சீங்களா?" என்றாள். ஏதோ அந்நியரிடம் கேட்பதுபோல.

"அந்த ஒரு படத்துக்கு. அன்னைக்கு உங்கம்மா எனக்குச் சோறு எடுத்துட்டு வந்தா. பொணமாப் படுக்க வேண்டிய பொம்பள வரல. இவளக் கேட்டாங்க. இவ வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான்..." அவர் கையை மடியில் வைத்து விரல்களைப் பிசைந்தார். "சும்மா படுக்கறதுதானே, படுன்னு சொன்னேன். திரும்பத் திரும்ப எடுத்தாங்க. அந்த விளக்குச் சூடு. மத்தியானம் சாப்பிடக்கூட இல்ல. சாயங்காலம் எழுந்தா, கால் நிக்கல. அதுக்கப்புறம் அவ சரியாவே ஆகல."

"தாத்தா, ஒரு நாள் படுத்ததுல அப்படியெல்லாம்..." என்று ஒன்றரை டிக்கெட் தொடங்கினாள். அவர் கையைத் தூக்கினார். நிறுத்திவிட்டாள்.

"அக்கா கேட்டா, என்னடா ஆச்சு இவளுக்குன்னு. நான் ஒண்ணும் சொல்லல. புள்ளையாலதான்னு அவளாவே முடிவு பண்ணிட்டா. பண்ணட்டும்னு விட்டுட்டேன்." இப்போதுதான் மகளைப் பார்த்தார். "உன்ன அவ அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் பக்கத்து ரூம்லதான் இருப்பேன். என்னச் சொல்லலியேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

நாவல்களில் குற்றவாளி ஒப்புக்கொண்டதும் இன்ஸ்பெக்டர் வருவார், இரண்டு காவலர்கள் வருவார்கள், வாசகர் புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம். அந்த அறைக்கு யாரும் வரவில்லை. வாயாடி கண்டக்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் கையில் சாக்பீஸ் இருந்தது. எந்தப் பக்கமும் எழுதவில்லை. எனக்கு, வயசான காலத்தில், ஒரு மனுஷனை அடிக்க வேண்டும்போலவும் அவர் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும்போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. (இதற்கு மேல் ஒரு உவமை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அங்கே உவமைக்கு இடமில்லை.)

பல் செட்டு அழவில்லை. கத்தவும் இல்லை.

"சார், மறுபடி போடுங்க. மெதுவா."

போட்டார். போர்வை துள்ளியது. உதடு விலகியது. "நிறுத்துங்க" என்றாள். படம் நின்றது.

அப்பாவின் எதிரில் வந்து, சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அப்பா. அத்தை சொன்னது, நீங்க சொல்லாதது, அதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். அதுக்கு உங்கள விடப்போறதில்ல. இப்ப ஒண்ணே ஒண்ணு. நீங்க அங்க இருந்தீங்க. நான் உதைச்சப்போ அவ சிரிச்சாளா, வலியில சுளிச்சாளா? எனக்குப் பிடிக்குமேன்னு எதையாவது சொல்லிடாதீங்க."

7

அவர் பதில் சொன்னார். நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதுவீங்கல்ல? எழுதுங்க. அப்பா செஞ்சதையும் எழுதுங்க, விடாதீங்க. அந்தப் பதில மட்டும் எழுதாதீங்க கதையம்மா. நல்லதோ கெட்டதோ, அது எங்கம்மா கிட்டேர்ந்து எனக்கு வந்தது."

சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகும் கை சும்மா இருக்குமா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். 'சிரிச்சா' என்று அவர் சொல்வதாக எழுதினேன். உடனே சந்தேகம் வந்தது. இத்தனை காலம் மகளிடம் உண்மையை மறைத்தவர், இப்போது அவளுக்கு ஒரு சிரிப்பைச் செய்து கொடுக்க மாட்டாரா? தச்சராயிற்றே, செய்யத் தெரியாதா? 'வலிச்சுது' என்று சொல்வதாக எழுதினேன். அப்போதும் சந்தேகம். தன்னைத் தானே தண்டித்துக்கொள்ள வேண்டும் என்று வந்தவர், அந்த ஒரு சிரிப்பையும் தன் பாவக் கணக்கில் சேர்த்து அழித்துவிட மாட்டாரா? அவர் சொன்னதைக் காதால் கேட்ட எனக்கே இப்படியென்றால், கேட்காத உங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆனால் என்னால் இதற்கு மேல் உதவ முடியாது, தங்கங்களா. வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் நாற்காலியை விட்டு எழுகிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள். அறை இருட்டு. ஜன்னல் ஓரம் நான் பெயரில்லாமல் உட்காரவைத்தவர்கள்கூட மூச்சு விடவில்லை. மகள் கண் இமைக்காமல் நிற்கிறாள், பொய் சொன்னால் பிடித்துவிடுவாள். நீங்கள் அவருக்கு எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதோடு அவள் மிச்ச நாள் முழுக்க வாழ வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சீக்கிரம். பெரியவர் வாயைத் திறந்துவிட்டார்.